அந்தக் கல்லுக்கு அடியில ஒரு வரி இருக்கும்

வணக்கம் அண்ணா,
சமீபத்துல ஒரு போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். வரிசை வரிசையா ஒரே மாதிரி வெள்ளைக் கல்லு. ஒண்ணுல வயசு 19னு போட்டிருந்துச்சு, கண்ணு கலங்கிடுச்சு. கூட வந்த ஃப்ரெண்டு, "எந்த ராஜாவுக்கோ சண்டை போட்டுச் செத்தவனுக்கு நீ ஏண்டா அழற"ன்னு கேட்டான். பதில் சொல்லத் தெரியல. அழுதது தப்பாண்ணா?

அன்புள்ள தம்பி,
தப்பே இல்ல. சண்டைக்கு அனுப்புனவங்க மேல எவ்வளவு கோவம் வேணா படலாம், எனக்கும் இருக்கு, அதுக்காகப் போய்ச் செத்த பையனுக்கு அழக்கூடாதுன்னு என்ன இருக்கு?

நீங்க பாத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், அதாவது ரெண்டு உலகப்போர்லயும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் பக்கம் செத்தவங்களோட கல்லறைகளப் பராமரிக்கிற அமைப்பு, பாத்துக்கிற இடம்னு நினைக்கிறேன். 1917ல ஆரம்பிச்சது. ஆபீசரோ சிப்பாயோ ஒரே மாதிரி கல்லுதான், உடம்பை வீட்டுக்குக் கொண்டுபோகவும் விடல. பல குடும்பங்க கொதிச்சுப்போய் 1920ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் வரைக்கும் விவாதம் போச்சு, அப்பவும் மாத்தல. முதல் உலகப்போர்ல செத்தவங்க வீட்டுக்குன்னு விட்டது கல்லுக்கு அடியில ஒரு வரி, இடைவெளியும் சேத்து 66 எழுத்து, அதுக்கும் எழுத்துக்கு மூணரை பென்னி கேட்டாங்க (அப்புறம் இஷ்டப்பட்டா குடுங்கன்னு மாத்துனாங்க). ரெஜிமென்ட் சின்னத்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல குனிஞ்சு அந்த வரியப் படிங்க. பெத்தவ அதுக்குள்ள மகனைப் பத்தி என்னத்தச் சொல்லிட முடியும்? சில கல்லுல அந்த இடம் காலியாவே கிடக்கும், எனக்கு அதைத்தான் தாங்க முடியாது.

ஆனா எல்லாரையும் சமமா நடத்திட்டாங்கன்னு நினைச்சிடாதீங்க தம்பி. 2021ல அந்த ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு மன்னிப்பு கேட்டுச்சு. முதல் உலகப்போர்ல செத்தவங்கள்ல கொறஞ்சது 1,16,000 பேருக்கு, 3,50,000 வரைக்கும்கூட இருக்கலாம், எங்கயும் பேரே பொறிக்கல. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்து ஆளுங்க, அதுல நிறைய பேரு பட்டாளத்துக்கு மூட்டை சுமந்தவங்க. பேரு இருக்கிறவனுக்கே அழக்கூடாதுன்னா இவங்களுக்கு யாரு அழறது?

முடிஞ்சா நாகாலாந்துல இருக்கிற கோஹிமா போயிட்டு வாங்க. ரெண்டாம் உலகப்போர்ல, 1944ல ஜப்பான் படையோட சண்டை நடந்த அதே மலைச்சரிவுலதான் கல்லறைங்க, அதுக்கெல்லாம் மேல, எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனியா நினைவுச்சின்னம். ஆணையத்தோட வெப்சைட்ல பேரைப் போட்டுத் தேடலாம், காசு கிடையாது, சில பேருக்கு அப்பா அம்மா பேரு, ஊரு பேருகூட இருக்கும். ஃப்ரெண்டையும் பக்கத்துல உக்கார வச்சுத் தேடுங்க.