பழங்குடி, பூர்வகுடி, ஆதிவாசி: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவின் முதல் மக்களைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைச் சிற்றிதழ் ஒன்றுக்காக மொழிபெயர்த்தேன். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பூட்டும் என்று எண்ணி ஆதிவாசிகள், பழங்குடியினர், பூர்வகுடிகள், தொல்குடிகள், மண்ணின் மைந்தர்கள் என்று இடத்துக்கு ஒன்றாக எழுதியிருந்தேன். மெய்ப்புத் திருத்திய நண்பர் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் ‘பழங்குடியினர்’ என்றே ஆக்கிவிட்டார். இவை ஒருபொருட் சொற்கள்தாமா? எங்கள் இருவரில் யார் செய்தது சரி?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இருவர் செய்ததும் சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. நண்பரின் பிழை உங்களுடையதைவிடச் சிறியது.

தமிழக அரசின் துறை ஒன்றுக்கு ‘ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை’ என்று பெயர். ஆதி, பழமை இரண்டும் முன்மையைத்தான் சுட்டுகின்றன. ஆயினும் அந்தப் பெயர்ப்பலகையை வாசிக்கும் எவரும் இரண்டையும் ஒன்றென்று கொள்வதில்லை. பிறர் இட்ட இழிபெயர்களைத் தள்ளிவிட்டு, இந்நிலத்தில் நாங்களே முன்னவர்கள் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே எடுத்துக்கொண்ட அடைமொழி ‘ஆதி’. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தையடுத்து 1922-இல் அது அரசு ஆவணங்களில் ஏறியது. அதற்கும் முன்பே அயோத்திதாசர் ‘பூர்வத் தமிழர்’ என்று எழுதியதும் அதே உரிமைக் குரல்தான். பக்கத்திலிருக்கும் ‘பழங்குடியினர்’ என்ற சொல்லோ அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கப்படும் பட்டியலைக் குறிப்பது.

இந்தப் பழங்குடி என்ற சொல் கடந்து வந்த தூரம் வியப்பானது. ‘வழங்குவ துள்வீழ்ந்தக் கண்ணும் பழங்குடி பண்பில் தலைப்பிரிதல் இன்று’ என்ற குறளில் (955) அது கொடுத்துப் பழகிய உயர்குடியைக் குறிக்கிறது. கையில் பொருள் சுருங்கினாலும் குணம் சுருங்காத குடும்பம் என்பது கருத்து. சிலப்பதிகாரம் புகாரைப் ‘பதியெழு வறியாப் பழங்குடி கெழீஇய’ ஊர் என்கிறது. தம் ஊரை விட்டு வெளியேறி அறியாத குடிகள் நிறைந்த நகரம் அது. அணையும் சுரங்கமும் புலிகள் காப்பகமும் வரும்போதெல்லாம் முதலில் பதி பெயர்க்கப்படுபவர்களுக்கே இன்று அந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கிறது. (சென்னையின் கரையோரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்கள் தம்மை ‘நகரத்தின் பூர்வகுடிகள்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் கொண்டுபோய் விடப்பட்ட குடியிருப்புக்குக் கண்ணகி நகர் என்று பெயர் வைத்தவருக்கு இந்த வரி நினைவிருந்திருக்காது.)

இனி, பழங்குடி எல்லாம் பூர்வகுடியா? கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, சவ்வாது மலை ஆகியவற்றில் வாழும் மலையாளி மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்து மலையாளிகளோடு அவர்களைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியது அவர்களுடைய சமூகம். ஆனால் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பதுதான் அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. பட்டியல்படி பழங்குடி என்பதற்கும் அந்த மண்ணில் முதலில் குடியேறியவர் என்பதற்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருக்கலாம். பூர்வகுடி என்பது எப்போதுமே ஒப்பீட்டுச் சொல். பின்னால் வந்தவர் ஒருவர் இருந்தால்தான் முன்னவர் என்று ஒருவரைச் சொல்ல முடியும். ஐக்கிய நாடுகள் அவை 2007-இல் பூர்வகுடிகளின் உரிமைகளுக்கான பிரகடனத்தை நிறைவேற்றியபோது இந்தியா அதை ஆதரித்தது. ஆனால் விடுதலைக்குப் பின் இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள் என்பதே அரசின் நிலைப்பாடு. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் உங்கள் கட்டுரையின் ஆஸ்திரேலியாவும் ஒன்று. 2009-இல்தான் அது ஏற்றுக்கொண்டது.

ஆதிவாசி என்ற சொல் கேட்பதற்கு வடமொழிப் பழமையோடு இருந்தாலும் 1930-களில் இன்றைய ஜார்க்கண்டைச் சேர்ந்த சோட்டா நாக்பூர்ப் பகுதியில் அரசியல் பெயராக வேரூன்றியது. அதையே அரசியலமைப்பில் வைக்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் வாதாடியவர் ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவராக இருந்தவரும் அவரே. அது பொதுவான சொல், சட்டத்தில் திட்டவட்டமான பொருள் அதற்கில்லை என்று அம்பேத்கர் 1948-இல் மறுத்துவிட்டார். தமிழில் அந்தச் சொல்லைக் கெடுத்தது சினிமா. இலையாடையும் ஈட்டியும் தந்து ஆடவிட்டதன் விளைவாக, வீட்டில் தலைவாராமல் திரியும் பிள்ளையைத் திட்டக்கூட அது பயன்படுகிறது. இந்தக் காரணத்தால் நானும் நெடுங்காலம் அதைத் தவிர்த்தே எழுதிவந்தேன். பின்னர், நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலானோர் சேர்ந்து நடத்தும் அமைப்பின் பெயரே ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் என்று அறிந்தபோது, அவர்கள் பெருமையோடு சூடிக்கொண்ட பெயரை அவர்கள் சார்பில் கூச்சப்பட்டு ஒதுக்க நான் யார் என்று தோன்றியது.

மலைவாழ் மக்கள் என்பது இருப்பிடத்தை மட்டுமே சொல்கிறது. செங்கல்பட்டுச் சமவெளியில் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளரை அப்படி எழுதுவது வேடிக்கை. வனவாசி என்று எழுதுவோருக்கு ‘ஆதி’ என்ற உரிமையை ஒப்புக்கொள்ள மனமில்லை என்பது என் எண்ணம். தொல்குடி அழகான சொல், சான்றிதழின் வாடை இல்லாதது, என் விருப்பத்துக்குரியது. மண்ணின் மைந்தர்கள் என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெளியூர்க்காரருக்கு வேலை தரக் கூடாது என்பவர்களின் மேடைச் சொல்லாகவே அது பழகிவிட்டது. மலேசியத் தமிழர்களைக் கேட்டால், அதே பொருளுடைய, மலாய்க்காரரை முதன்மையாகச் சுட்டும் பூமிபுத்திரா என்ற சொல்லும், காட்டோரத்துப் பூர்வகுடிகளைக் குறிக்கும் ஒராங் அஸ்லி என்ற சொல்லும் ஒன்றல்ல என்று விளக்குவார்கள்.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். பட்டியலும் சான்றிதழும் மணக்கும் பழங்குடி அங்கே பொருந்தாது. ஆதிவாசி இந்திய வரலாற்றை இழுத்துக்கொண்டு வரும். பின்னால் வந்தவர் யார் என்பதில் அந்த நாட்டில் ஐயமே இல்லையாதலால், பொதுவாகச் சொல்ல வேண்டிய இடங்களில் பூர்வகுடி என்றே எழுதுங்கள். பத்து முறை வந்தாலும் பரவாயில்லை. டாரஸ் நீரிணைத் தீவு மக்கள் தம்மைத் தனி மக்களாகக் கருதுபவர்கள் என்பதால் அவர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள். உங்கள் மூலக் கட்டுரை மக்களின் பெயர்களைத் தந்திருக்கும் இடங்களில் பொதுச்சொல்லே வேண்டாம். சிட்னி வரும் பத்தியில் காடிகல் என்றும், உலுரு வரும் பத்தியில் அனாங்கு என்றும் அப்படியே வைத்துவிட்டு, மெய்ப்புத் திருத்தும் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.