மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மரில் மின்னல் கோலம்: ஆர்சிசிபி காப்பாற்றுமா?

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறோம். பாலிடெக்னிக் படிக்கும் என் மகன், முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய தேக்குப் பலகையில், பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரை வைத்து மின்னல் மாதிரி கோலம் எரிக்கப்போகிறானாம். ரப்பர் கையுறை போட்டுக்கொள்வதாகச் சொல்கிறான். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறது. விடலாமா?

பதில்: விடாதீர்கள். நீங்கள் நம்பியிருக்கும் ஆர்சிசிபி இந்த வேலையில் உதவாது. பேஸில் போகும் மின்னோட்டம் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்றுதான் அது பார்க்கும். திரும்பி வருவதில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் துண்டித்துவிடும். ஆனால் டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்று, அதாவது உயர் அழுத்தம் வெளிவரும் கம்பிச்சுருள், வீட்டு லைனோடு ஒட்டாத தனிச் சுற்று. அதைத் தொட்டவர் உடம்பு வழியாக ஓடும் மின்சாரம் அதே சுற்றுக்குத்தான் திரும்பும். பேஸ், நியூட்ரல் கணக்கு சரியாகவே இருக்கும், ஆர்சிசிபி அசையாது. மின்னோட்டம் அளவு மீறினால் மட்டும் துண்டிக்கும் எம்சிபிக்கோ அது சாதாரண லோடுதான்.

அந்தச் சுற்றில் சுமார் 2,000 வோல்ட். நூறு மில்லி ஆம்பியரே இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிவிடும். இது அதைப் போலப் பல மடங்கு தரக்கூடியது. பாத்திரம் கழுவும் கையுறை இந்த அழுத்தத்துக்குச் சோதித்ததல்ல, கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை ஒன்று போதும். போதாததற்கு, மரத்தில் மின்சாரம் பாயச் சோடா மாவு கரைத்த தண்ணீரைத் தடவுவார்கள். கீழே ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால், அதுவும் சிமென்ட்தான், ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். இப்படிக் கோலம் எரிக்கப்போய்ப் பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடை செய்தே விட்டது.

சரி, பையனின் ஆர்வத்தை என்ன செய்வது? பலகைக்கு, மரத்தில் சூடு வைத்து வரையும் பேனா வாங்கிக் கொடுங்கள். கண்டாங்கிக் கட்டம் அருமையாக வரும். பழைய பெயின்ட் ஒட்டியிருக்கும் பலகை மட்டும் வேண்டாம், அந்தப் புகையில் ஈயம் இருக்கலாம். தீப்பொறிதான் பார்க்க வேண்டும் என்றால், பள்ளி ஆய்வகத்தில் கையால் சுற்றி நிலைமின்சாரம் உண்டாக்கும் விம்ஷர்ஸ்ட் கருவி இருக்கிறதே, அது போதும். பல்லாயிரம் வோல்ட் வந்தாலும் மின்னூட்டம் மிகக் கொஞ்சம். வெளியிலிருந்து, மின்னூட்டத்தைச் சேமிக்கும் பெரிய கெபாசிட்டர் எதையும் அதில் இணைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம்.

அடுப்பை ஏற்கெனவே கழற்றிவிட்டான் என்றால், பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் உள்ளே கை வைக்காதீர்கள். கெபாசிட்டர் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். அப்படியே மூடி, மைக்ரோவேவ் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.