பிளஸ் டூ உயிரியல்: மூன்று தடவை படித்தும் ஹாலில் வராமல் போவது ஏன்?

கேள்வி: டீச்சர், நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். முதல் குரூப், தமிழ் வழி. காலாண்டுத் தேர்வில் உயிரியலில் 70க்கு 37தான் வந்தது. இத்தனைக்கும் ஒவ்வொரு பாடத்தையும் மூன்று தடவை படித்தேன். முக்கியமான வரிகளில் கலர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் படிக்கும்போது எல்லாம் புரிகிறது, ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. பப்ளிக் எக்ஸாமுக்குள் தாவரவியல், விலங்கியல் இரண்டு புத்தகத்தையும் எப்படிப் படித்து முடிப்பது? கைடு வாங்கலாமா? நீட்டுக்கும் இதே படிப்பு போதுமா?

பதில்: தம்பி, தினமும் காலையில் உன்னோடு பஸ் ஏறுகிறவர் ஒருவர் இருப்பார். முகத்தைப் பார்த்தவுடன் தெரியும். பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியாது. மூன்று தடவை படித்த பாடமும் உனக்கு அந்த நிலையில்தான் இருக்கிறது. வரியைப் பார்த்தால் ‘ஓ, இதுவா’ என்று தோன்றுகிறது, அதைப் போய் ‘தெரிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறாய். ஹாலில் அந்த வரி கண்முன் இருக்காதே.

நினைவில் வைப்பதை விட நினைவிலிருந்து எடுப்பதைத்தான் நீ பழகவில்லை. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம். ‘எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்களும் அந்த நான்கு முறை படித்தவர்கள்தான். உன் கலர் பேனாவும் இப்படித்தான் உன்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, எப்படி எடுத்துப் பழகுவது? ஒரு பாடத்தை வைத்தே சொல்கிறேன்.

தாவரவியல் முதல் பாடத்தில் கருப்பையும் (சூலுக்குள் முட்டை இருக்கும் பை) இரட்டைக் கருவுறுதலும் வருகிறதல்லவா? அந்த இரண்டு மூன்று பக்கத்தை ஒரு தடவை நிதானமாகப் படி. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் கருப்பையை வரை. சூல்துளைப் பக்கம் எத்தனை செல்? எதிர்ப்பக்கம் எத்தனை? நடுவில் என்ன? பெரும்பாலும் முதல் முயற்சியில் முட்டை வரும், எதிரடிச் செல்கள் மூன்று வரும், முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் துணைச் செல்களான சினர்ஜிட்கள் இரண்டும் விட்டுப்போகும். விட்டுப்போகட்டும். ‘என்னவோ இரண்டு இருந்ததே’ என்று மண்டையைக் குடைகிறாயே, அந்த அரை நிமிடம்தான் உண்மையான படிப்பு. உடனே புத்தகத்தைத் திறந்துவிடாதே. கொஞ்சம் தவித்த பிறகு திறந்து பார், விட்டதைச் சிவப்பு மையில் சேர். செல்களை எண்ணு: மூன்று எதிரடி, இரண்டு சினர்ஜிட், ஒரு முட்டை, ஒரு மையச் செல். ஏழு செல். மையச் செல்லில் துருவ உட்கருக்கள் இரண்டு இருப்பதால் உட்கரு எட்டு. ‘ஏழு செல், எட்டு உட்கரு’ என்று மனப்பாடம் செய்தவன் ஹாலில் ‘எட்டு செல், ஏழு உட்கரு’ என்று மாற்றி எழுதுவான். வரைந்து எண்ணியவனுக்கு அந்தக் குழப்பம் வராது.

அதே படத்தில் மகரந்தக்குழாயை உள்ளே கொண்டு வா. இரண்டு ஆண் கேமீட்டுகள். ஒன்று முட்டையோடு சேர்ந்தால் இருமடியக் கருமுட்டை, அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டு. இன்னொன்று இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்தால் மும்மடிய முதல்நிலைக் கருவூண் உட்கரு. இப்போது உன்னையே கேள்: வளரும் கருவுக்கு உணவாகும் கருவூண் திசு ஏன் மும்மடியம்? படத்தைப் பார்த்தே பதில் சொல்லலாம், இரண்டும் ஒன்றும் மூன்று. அடுத்த தடவை இளநீர் குடிக்கும்போது, நீ குடிப்பது செல்சுவர் உருவாகாமல் உட்கருக்கள் மிதக்கும் கருவூண் திசு, வழித்துத் தின்னும் வழுக்கை செல்லாக மாறிய கருவூண் திசு என்று நினைத்துக்கொள். எந்தக் கைடும் இவ்வளவு ஒட்டாது.

இதே படத்தை நாளை மறுநாள் மறுபடி வெள்ளைத் தாளில் வரை. அப்புறம் ஒரு வாரம் கழித்து, அப்புறம் ஒரு மாதம் கழித்து. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். ஒரே நாளில் நாலு தடவை வரைவதால் இந்தப் பலன் கிடைக்காது. கொஞ்சம் மறக்க விட்டு மீட்டெடுத்தால்தான் நிற்கும்.

இதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அட்டையில் ‘தப்பு நோட்டு’ என்று எழுது. சிவப்பு மையில் சேர்த்தவை மட்டும் அதற்குள் போகட்டும், ஒரு தப்புக்கு ஒரு வரி. சரியாக வந்ததை எழுதி பக்கத்தை நிரப்பாதே. திருப்புதல் தேர்வுக்கு முந்தின நாள் இரண்டு புத்தகத்தையும் புரட்டிக்கொண்டிருக்காமல் இந்த நோட்டைப் புரட்டு.

தமிழ் வழியில் படிப்பதால் கலைச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாவரவியலில் கருப்பை என்றால் சூலுக்குள் இருக்கும் எம்பிரியோ சாக். விலங்கியலில் கருப்பை என்றால் தாயின் வயிற்றில் இருக்கும் யூட்டெரஸ். பெயர் ஒன்று, பொருள் வேறு. இப்படி மாட்டிவிடும் சொற்களுக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பெயரையும் குறித்து வை. நீட் வினாத்தாளில் தமிழ் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவம்தான் இறுதி என்பதால் இது அங்கேயும் கைகொடுக்கும்.

மரபியலை மட்டும் படிக்காதே, கணக்கு மாதிரி போடு. உதாரணத்துக்கு, நிறக்குருடு கடத்தியான (தனக்குக் குறை இல்லை, அதன் மரபணு மட்டும் இருக்கிறது) தாய், இயல்பான தந்தை. நாலு கட்டம் போட்டால் இயல்பான மகள், கடத்தியான மகள், இயல்பான மகன், நிறக்குருடு உள்ள மகன். இப்போது கேள்வியைக் கவனி. ‘பிள்ளைகளில் எத்தனை சதவீதம்’ என்று கேட்டால் 25. ‘மகன்களில் எத்தனை சதவீதம்’ என்று கேட்டால் 50. கட்டத்தை அழகாகப் போட்டுவிட்டுக் கடைசி வரியில் கோட்டை விடும் பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். புத்தகத்தில் உள்ள கணக்கை அப்படியே போட்டுப் பார்த்து நிறுத்தாதே. தாய்க்கு நிறக்குருடு, தந்தை இயல்பு என்று மாற்றிப் போட்டுப் பார். மகன்கள் அத்தனை பேருக்கும் வரும், மகள்கள் அத்தனை பேரும் கடத்திகள். ஏன் என்று உன் தங்கைக்கு விளக்க முடிந்தால் அந்தப் பகுதி முடிந்தது.

மூலக்கூறு மரபியலைப் பார்த்துப் பலரும் பயப்படுவது ஆண்டுகளுக்காக. தனித்தனியாக உருப்போட்டால் பயம் வரத்தான் செய்யும், ஒரு துப்பறியும் கதையாகப் பார். 1928இல் கிரிஃபித், கொல்லப்பட்ட நோயுண்டாக்கும் பாக்டீரியாவையும் உயிருள்ள சாதுவான பாக்டீரியாவையும் கலந்து எலிக்குச் செலுத்துகிறார், எலி சாகிறது. செத்ததிலிருந்து உயிருள்ளதற்கு ஏதோ போயிருக்கிறது. அது என்ன? 1944இல் ஏவரி, மேக்ளியாட், மெக்கார்ட்டி மூவரும் டி.என்.ஏ. என்கிறார்கள். புரதமாக இருக்கலாமே என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1952இல் ஹெர்ஷேயும் சேஸும் வைரஸின் டி.என்.ஏ.வுக்குக் கதிரியக்க பாஸ்பரஸ், புரத உறைக்குக் கதிரியக்கக் கந்தகம் என்று அடையாளம் வைத்துப் பார்க்கிறார்கள். பாக்டீரியாவுக்குள் போனது பாஸ்பரஸ், அதாவது டி.என்.ஏ. மறு ஆண்டே வாட்சனும் கிரிக்கும் அதன் வடிவத்தைச் சொல்கிறார்கள். அது எப்படி இரட்டிப்பாகிறது என்ற அடுத்த கேள்விக்கு 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் விடை தருகிறார்கள். ஒவ்வொருவரும் முந்தையவர் விட்டுவைத்த கேள்வியைப் பிடித்துக்கொள்வதால், வரிசை தெரிந்தால் ஆண்டும் கூடவே வந்துவிடும்.

எல்லாப் பாடத்தையும் இப்படிக் கதையாக்க முடியாது, பொய் சொல்ல மாட்டேன். பொருளாதாரப் பயனுள்ள தாவரங்களில் இருசொற்பெயரும் குடும்பமும் உருப்போட வேண்டியவைதான். அதற்கு நான் சொல்வது அடுப்படி. அஞ்சறைப் பெட்டியிலும் டப்பாக்களிலும் சின்னச் சீட்டு ஒட்டு. மிளகு, பைப்பர் நைக்ரம். மஞ்சள், குர்குமா லாங்கா. ஏலக்காய், எலிட்டேரியா கார்டமோமம். புளி, டாமரிண்டஸ் இண்டிகா. ஒரு வாரம் கழித்துச் சீட்டைக் கிழித்துவிட்டு, அம்மா டப்பாவை எடுக்கும்போதெல்லாம் பெயரைச் சொல். அம்மா திட்டினால் டீச்சர் சொன்னதாகச் சொல். விடைத்தாளில் இருசொற்பெயரின் இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போட மறக்காதே.

இனி வினாத்தாள். 70இல் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பெண் எட்டு, இரண்டு மதிப்பெண் ஆறில் நான்கு, மூன்று மதிப்பெண் ஐந்தில் மூன்று, ஐந்து மதிப்பெண் ‘அல்லது’ வகையில் இரண்டு. மூன்று மதிப்பெண்ணில் ஒன்று கட்டாய வினா, அங்கே தப்பிக்க வழியில்லை. உன் காலாண்டு விடைத்தாளை எடுத்து, இந்த நாலு பிரிவில் எதில் எவ்வளவு போனது என்று முதலில் கணக்குப் போடு. ஒரு மதிப்பெண்ணில் ஐந்து ஆறு போயிருந்தால் அதற்கு வைத்தியம் வேறு, ஐந்து மதிப்பெண்ணில் போயிருந்தால் வேறு. ஒரு மதிப்பெண்ணில் விடையை மட்டுமோ குறியீட்டை மட்டுமோ எழுதாதே, இரண்டையும் சேர்த்துத்தான் எழுதச் சொல்லியிருக்கும். ‘கூற்று, காரணம்’ வினாவில் இரண்டும் சரியாக இருந்தாலே போதாது, காரணம் கூற்றை விளக்குகிறதா என்று பார்.

பெரிய வினாக்களில் கதை எழுதாதே. விடைத்தாள் திருத்தும் முகாமில் எங்கள் கையில் விடைக்குறிப்பு இருக்கும், அதில் உள்ள கருத்துகளை உன் பக்கத்தில் தேடுவோம். ஒன்றரைப் பக்கப் பத்திக்குள் ஒளிந்திருக்கும் சரியான விடையைக் கண்டுபிடிக்க எங்களுக்கும் மனசு உண்டு, நேரம்தான் கம்மி. பாயின்ட் பாயின்டாக எழுது, கலைச்சொல்லின் கீழ் ஒரு கோடு. படத்தைப் பென்சிலால் வரைந்து, பாகங்களை ஒரே பக்கமாகக் குறி. பாகம் குறிக்காத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிக் கிணறு தாண்டியதுதான்.

மூன்று மணி நேரத்தைப் பாடத்துக்கு ஒன்றரை மணியாகப் பிரி. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை வைத்து ஒரு பாதியை மட்டும் எழுதிப் பழகு. முழு வினாத்தாளை அரையாண்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி முழுக்கக் கண்விழிக்காதே. படித்தது மூளையில் படியத் தூக்கம் வேண்டும், இதில் பேரம் கிடையாது.

நீட் பற்றிக் கேட்டாய். அதில் 720க்கு 360 உயிரியலில்தான் வருகிறது, ஆனால் பிளஸ் ஒன் பாடமும் உண்டு, தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். மேலே சொன்ன முறை அங்கேயும் செல்லும். ஆனால் நம் புத்தகத்தோடு சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும், நிறைய ஒரு மதிப்பெண் பயிற்சியும் தேவை. இப்போதைக்குப் பிளஸ் ஒன் பாடம் ஒன்றை வாரக் கடைசியில் வைத்துக்கொள்.

கைடு வாங்குவது தப்பில்லை, வாங்கினால் பின்பக்க விடைகளை ஸ்டேப்ளர் போட்டு மூடிவிட்டுக் கேள்விகளை மட்டும் பயன்படுத்து. அதற்கு முன்னால் புத்தகத்திலேயே பாடத்தின் கடைசியில் உள்ள வினாக்கள் அத்தனையும் முடிந்ததா என்று பார். உன் பள்ளி நூலகத்திலோ சீனியர் அண்ணன், அக்காக்களிடமோ பழைய வினாத்தாள்கள் கிடைக்கும், அதற்குக் காசும் வேண்டாம்.