கேள்வி – பதில்: மூளையில் ஊறும் ‘கஞ்சா’

கேள்வி: கஞ்சா மாதிரியான பொருளை நம் மூளையே சுரக்கிறதாமே, பிறகு ஏன் போதை ஏறுவதில்லை?

பதில்: ஊறிய வேகத்திலேயே உடைந்துபோவதால்தான். இப்படி ஊறும் பொருள்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஆனந்தமைடு, 1992இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலம் குழு பன்றி மூளையிலிருந்து பிரித்து, ‘ஆனந்த’ என்ற சமஸ்கிருதச் சொல்லை ஒட்டிப் பெயரிட்டது. மற்றது 2-ஏஜி (2-AG). டோப்பமின் போல இவற்றைப் பைகளில் சேர்த்துவைக்கும் ஏற்பாடு கிடையாது. தேவை வந்ததும் செல் சவ்வின் கொழுப்பிலிருந்து வெட்டி எடுக்கப்படும். செய்தி வாங்கும் நரம்பணுவில் உண்டாகி, எதிர்த்திசையில் போய், அனுப்பும் நரம்பணுவின் சிபி1 ஏற்பியில் (கஞ்சாவும் வந்து உட்காரும் இடம்) உட்கார்ந்து ‘போதும், குறை’ என்று சொல்லும். அந்தக் கட்டளை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது உடைக்கும் நொதியின் கையில். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியை (THC) இந்த நொதிகள் தொடுவதே இல்லை; அதைக் கல்லீரல்தான் மெதுவாகக் கழிக்கும், அதனால் அது ஏற்பியை நெடுநேரம் இயக்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: இவற்றை உடைக்கும் ஒரே வேலைக்கு ஃபா (FAAH), மேகில் (MAGL) என இரண்டு நொதிகள் எதற்கு?

பதில்: ஒரே வேலை இல்லை. ஃபா பெரும்பாலும் வாங்கும் நரம்பணுவுக்குள் இருந்து ஆனந்தமைடை உடைக்கிறது. மேகில் அனுப்பும் பக்கத்தில், சிபி1க்கு அருகிலேயே இருக்கிறது. எலி மூளையில் 2-ஏஜி உடைப்பில் சுமார் 85 சதவீதம் அதனுடையது. வெட்டியபின் மிஞ்சும் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் வீணாவதில்லை. மூளையில் அழற்சியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்களுக்குப் பெருமளவு மூலப்பொருள் அதுதான். குடலில் அந்தப் பொறுப்பு வேறொரு நொதிக்கு. ஆகவே மேகிலைத் தடுத்தால் மூளையில் 2-ஏஜி ஏறும், புராஸ்டாகிளாண்டின் இறங்கும். இதைத் துப்புரவு நொதி என்று பாடநூல் பாணியில் சொல்வது பாதி உண்மை.

ஃபா இன்னும் வேடிக்கை, உடைப்பதோடு ஒட்டவும் செய்கிறது. பாராசிட்டமாலில் பிறக்கும் ஒரு துண்டை, எலி மூளையில், அராகிடோனிக் அமிலத்தோடு ஒட்டவைப்பதும் இதே நொதிதான்.

கேள்வி: நொதியைத் தடுத்தால் நல்ல வலி நிவாரணி கிடைக்காதா?

பதில்: எலியில் கிடைத்தது. ஆனால் மேகிலை நாள்கணக்கில் முழுதாக அடைத்தால் சிபி1 மரத்துப்போய், வலி குறையும் பலனும் போகிறது. ஃபாவில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் ஃபைசரின் தடுப்பான், முழங்கால் மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் ஆனந்தமைடை நன்றாக உயர்த்தியும், வலியில் போலி மாத்திரையை மிஞ்சவில்லை. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில், பிஐஏ 10-2474 என்ற தடுப்பானைத் தினம் 50 மில்லிகிராம் எடுத்த தன்னார்வலர்களில் ஒருவர் இறந்தார். மற்ற ஃபா தடுப்பான்களில் இப்படி நேரவில்லை; இந்த மூலக்கூறு வேறு பல கொழுப்பு நொதிகளையும் பிடித்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது.

கேள்வி: ஆய்வு மாணவி நான். எலி மூளையில் 2-ஏஜி அளந்தால் ஒவ்வொரு முறையும் வேறுவேறு எண் வருகிறது. பிழை எங்கே?

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ரத்த ஓட்டம் நின்றதும் 2-ஏஜி சட்டென எகிறும். ஆனந்தமைடு மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். எடுத்த கையோடு திரவ நைட்ரஜனில் போடுங்கள், எல்லா எலிக்கும் ஒரே நொடிக்கணக்கு. உறைந்தபடியே எடை போடுங்கள். இளகினால் நொதிகள் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஒப்பீட்டுப் பொருளை அரைக்கும்போதே, குளிர்ந்த அசிட்டோநைட்ரைலோடு சேருங்கள். கடைசியில் சேர்த்தால் வழியில் போன இழப்பு கணக்கில் வராது. ஆனந்தமைடு பிளாஸ்டிக்கில் ஒட்டும், கண்ணாடிக் குப்பியே நல்லது. உலர்த்தும்போது சூடேற்றாமல் நைட்ரஜன் ஊதுங்கள்: வெப்பத்திலும் காரத்திலும் 2-ஏஜியின் கொழுப்புச் சங்கிலி பக்கத்து இடத்துக்கு நகர்ந்து 1-ஏஜி ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே நிறை என்பதால் நிறைமானிக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கு முன்னால் உள்ள பிரிக்கும் குழாயில் (நிறப்பிரிகைப் பத்தி)தான் இரு முகடுகளாகப் பிரியவேண்டும். 1-ஏஜி முகடு பெரிதாக வந்தால் இரண்டையும் கூட்டி எழுதுங்கள், கூட்டியதைக் குறிப்பிட்டு.