"பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும், அதுவரை வாயைத் திறக்காதே!"

வணக்கம் மேடம்,

எனக்கு 46 வயது. சாத்தூர் பக்கம் ஒரு சிற்றூர். கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள். மதுரையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்தது. மார்பை முழுசாக எடுத்துவிட்டார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, இப்போது தினமும் டமாக்சிபென் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். ஊரில் யாருக்கும் இது தெரியாது. ஆபரேஷனுக்குப் போகும்போது கர்ப்பப்பையை எடுக்கப் போவதாக மாமியார் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். முடி கொட்டியபோது இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை போட்டதாகச் சொன்னோம். எங்கள் பக்கம் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

பருத்தித் துணியைச் சுருட்டி உள்ளாடைக்குள் வைத்து ஊக்கு குத்திக்கொள்கிறேன். கையைத் தூக்கினால் அது மேலே ஏறிவிடும். அதனாலேயே விசேஷ வீடுகளில் பந்தி பரிமாறப் போவதை விட்டுவிட்டேன்.

சிகிச்சை நடந்தபோது எனக்குத் தெம்பு கொடுத்தவர் கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் அக்கா. "உப்புத் தண்ணியில வாய் கொப்பளி, காரம் தொடாதே, தயிர்சாதத்தை நல்லா மசிச்சுச் சாப்பிடு" என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சிகிச்சை முடித்த பெண்கள் சிலர் மாதம் ஒருமுறை அந்த மருத்துவமனையில் கூடிப் பேசுகிறார்கள். புதிதாக ஆபரேஷன் ஆனவர்களைப் பார்த்துப் பேச என்னையும் கூப்பிடுகிறார் அங்குள்ள நர்ஸ். அக்டோபரில் விழிப்புணர்வுக் கூட்டம் இருக்கிறது, மேடையில் பேச முடியுமா என்றும் கேட்டார்.

வீட்டில் சொன்னதும் கணவர், "பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் நீ என்ன வேணாலும் பண்ணு" என்றார். "பரம்பரை வியாதின்னு ஒரு பேச்சு கிளம்பினா போதும், ஒரு ஜாதகம் வாசலுக்கு வராது" என்கிறார் மாமியார். இரண்டு பேரும் என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள். ஒவ்வொரு கீமோவுக்கும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார் என் கணவர். அவர் பேச்சை எப்படித் தட்டுவேன்?

இதற்கு நடுவில் போன வாரம் எங்கள் சுயஉதவிக் குழுவில் இருக்கும் ஒரு தங்கை, வயது 38, தவணை கட்டிவிட்டுப் போகும்போது என்னைத் தனியாக அழைத்து, மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது என்றாள். பல மாதமாக இருக்கிறதாம். வலி இல்லையாம். யாரோ ஒரு வைத்தியர் பத்துப் போடுகிறாராம். "ஆஸ்பத்திரிக்குப் போனா மயக்க மருந்து குடுத்து அப்படியே எடுத்துடுவாங்களாமே அக்கா" என்று கேட்டாள். "டாக்டர்கிட்ட காட்டு" என்று மட்டும் சொன்னேன். எனக்கும் வந்தது என்பது தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. குடும்பத்துக்குக் கட்டுப்படுவதா, வெளியே சொல்வதா? வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

*

அன்புச் சகோதரிக்கு,

மருத்துவமனைக் குழு, மேடை, கல்யாணம் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் அந்தத் தங்கையை இந்த வாரமே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். "டாக்டர்கிட்ட காட்டு" என்றால் அவர் போக மாட்டார். "நானும் வர்றேன், காலையில் கிளம்பி நில்லு" என்றால் போவார். வலி இல்லை என்பதுதான் நம் பெண்களை மாதக்கணக்கில் ஏமாற்றுகிறது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதே சமயம் மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதும் இல்லை. இரண்டையும் சேர்த்தே அவரிடம் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் பயத்தில் முடங்கிவிடுவார், இரண்டாவதை மட்டும் சொன்னால் பத்துப் போட்டால் போதும் என்று இருந்துவிடுவார்.

மயக்க மருந்து கொடுத்து அப்படியே எடுத்துவிடுவார்கள் என்ற அவருடைய பயம் வெறும் கற்பனை இல்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவில் 1970கள் வரையிலும் கட்டியைச் சோதிக்க என்று மயக்கம் கொடுப்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பையும் எடுத்துவிடுவார்கள். கண் விழித்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயமே தெரியும். ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளருக்கு 1974இல் கட்டி வந்தபோது, "முதலில் சோதனை, அப்புறம் என்னிடம் பேசுங்கள், அதற்குப் பிறகுதான் அறுவை சிகிச்சை" என்று பிடிவாதமாக நின்றார். அதோடு விடாமல் எழுதினார், பேசினார், மருத்துவர்களோடு வாதாடினார். 1979இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, சோதனையையும் அறுவை சிகிச்சையையும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் மருத்துவர் அல்லாத ஒருவராக அவரும் இருந்தார். இன்றைக்கு அந்தத் தங்கைக்கு முதலில் ஸ்கேன் அல்லது மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுப்பார்கள், ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள், முடிவு வந்தபின் அவரை உட்கார வைத்துப் பேசுவார்கள். ஊசி குத்தினால் நோய் பரவும் என்று யாராவது சொன்னால் அதை அவர் நம்ப வேண்டாம். ஒருவேளை புற்றுநோய்தான் என்றாலும், கட்டி சிறியதாக இருக்கும்போதே போனால் மார்பை முழுதாக எடுக்காமல் சிகிச்சை செய்யப் பல பேருக்கு வாய்ப்பு உண்டு.

உங்களுக்கு வந்ததை அவரிடம் சொல்லலாமா? சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. அவர் ஒருத்தரிடம், தனியாக, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். அவர் தன் ரகசியத்தை உங்களிடம் தந்துவிட்டார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டாம். கணவரிடம் இன்று இரவே, "ஒரு உயிர் விஷயம், அவளிடம் மட்டும் சொல்லப் போகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கீமோவுக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்த மனிதர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்கப்புறம் உங்கள் அனுபவமே அந்தத் தங்கைக்கு வழிகாட்டி. ஓபி சீட்டு எங்கே வாங்குவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் என்பது, சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் மருத்துவமனைச் சான்றிதழின் பேரில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை உண்டு என்பது போன்ற விவரங்கள் நோய் வந்த வீட்டில் யாருக்கும் முதல் நாளே தெரிவதில்லை. முன்னால் அந்த வழியாகப் போனவர்தான் சொல்ல வேண்டும்.

இனி குழு விஷயம். உங்கள் வீட்டில் குழுவையும் மேடையையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். வார்டில் ஒரு பெண்ணின் கட்டிலோரம் உட்கார்ந்து பேசுவது வேறு, மைக் பிடித்து போட்டோவில் வருவது வேறு. முதலாவதற்கு ஊர் அறிய வேண்டிய அவசியமே கிடையாது. 1952இல் நியூயார்க்கில் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாஸர் என்ற பெண்மணி, தன்னைப் போல ஆபரேஷன் ஆன பெண்களை மருத்துவமனையில் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். கையில் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு தற்காலிக மார்பு, இவ்வளவுதான். பந்தும் கயிறும் விறைத்துப்போன தோளையும் கையையும் பழக்குவதற்கு. நோயாளிக்கு நோயாளி என்ன சொல்லிவிட முடியும் என்று மருத்துவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. உங்கள் நர்ஸ் உங்களிடம் கேட்பதும் இதையேதான். நம் ஊரிலும் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாததால்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது.

குழுவுக்குப் போகும் முன் சில விஷயங்களை மனதில் வையுங்கள். "எனக்குச் சரியாப் போச்சு, உனக்கும் சரியாயிடும்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொருவரின் கட்டியும் வேறு, நிலையும் வேறு, மருந்தும் வேறு. மருந்து பற்றிக் கேட்டால் டாக்டரிடம் அனுப்பிவிடுங்கள். அங்கே கேட்டதை வெளியே பேசாதீர்கள். அடுத்தது நான் மறைக்காமல் சொல்ல வேண்டியது. குழுவில் யாருக்காவது நோய் திரும்ப வரும். சிலர் இறந்தும் போவார்கள். அன்று உங்களுக்கு உங்கள் அடுத்த செக்கப் தேதிதான் கண் முன்னால் நிற்கும். நெருங்கிப் பழகியவர் போய்விட்டதால் குழுப் பக்கமே வராமல் ஒதுங்கிய பெண்களை என் ஆலோசனை அறையில் பார்த்திருக்கிறேன். எனவே முதல் சில மாதங்கள் கேட்பவராக மட்டும் போங்கள். உங்களுக்கே இன்னும் பேசித் தீராதது நிறைய இருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. உங்கள் பாரத்தை இறக்கிவைக்கவும் அந்த இடத்தில் உங்களுக்கு உரிமை உண்டு. தூக்கமின்மை தொடர்ந்தால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

பந்தி பரிமாறுவதை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். உள்ளாடையின் உள்பக்கம் பருத்தித் துணியில் ஒரு பை தைத்து, வைக்கும் திண்டை அதற்குள் போடுங்கள். எடை இல்லாததால்தான் அது மேலே ஏறுகிறது. கொஞ்சம் கடுகோ கம்போ உள்ளே போட்டுத் தைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். சிலிக்கானில் செய்ததும் கிடைக்கிறது, நூலில் பின்னியதும் கிடைக்கிறது, குழுவில் கேளுங்கள். கையைத் தூக்குவதே கஷ்டமாக இருந்தாலோ, அந்தக் கை வீங்கினாலோ பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக உங்கள் மகள். இவ்வளவு பெரிய கடிதத்தில் அவள் குரல் மட்டும் இல்லை. கணவர் சொன்னது இருக்கிறது, மாமியார் சொன்னது இருக்கிறது. யாருக்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்களோ, அவளிடம் யாராவது கேட்டீர்களா? சம்பாதிக்கிற பெண், அவளுக்கும் ஒரு எண்ணம் இருக்கும். மாமியாரின் பயத்துக்கு மருத்துவம் சொல்லும் பதிலும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை ஏறக்குறைய 5 முதல் 10 சதவீதம்தான். உங்களுக்கு 44 வயதில் வந்திருப்பதால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நோய் வந்த வயதுக்குச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே மகளுக்குப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்வது வழக்கம். அப்படியானால் கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வருஷா வருஷம் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். புகுந்த வீட்டில் மறைத்து மறைத்து அதை எத்தனை நாள் செய்வாள்? நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரிடம் நிதானமாகச் சொல்லிவிடுவதே அவளுக்குப் பாதுகாப்பு. ஓர் இடம் தட்டிப்போகலாம், வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் மாதவிடாய்க்கு மூலையில் உட்கார வைத்த தலைமுறை போய், மாமியாரை மேமோகிராமுக்குக் கூட்டிப்போகும் மருமகள்கள் இன்று நம் ஊர்களில் இருக்கிறார்கள். எப்போது, யார், எப்படிச் சொல்வது என்பதை மகளே முடிவு செய்யட்டும்.

அக்டோபர் மேடைக்கு இந்த வருடம் வர இயலாது என்று நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், அதில் தப்பே இல்லை. "வார்டுக்கு வருகிறேன், மேடைக்கு இப்போது வேண்டாம், என் பெயரும் போட்டோவும் எங்கேயும் வரக் கூடாது" என்று தெளிவாகச் சொன்னால் போதும், அவர் புரிந்துகொள்வார்.