வயதை விடுங்கள், உயரத்தை அளந்து பாருங்கள்

விடுமுறை நெருங்குகிறது என்பது வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் இந்த முறை தீம் பார்க் கேள்விகள் மட்டும்.

கேள்வி: மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸா, ஹாங்காங் டிஸ்னிலேண்டா? இரண்டுக்கும் போக வசதி இல்லை, ஒன்றைச் சொல்லுங்கள்.
– வாசகி, மதுரை

பதில்: ஹாங்காங். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் மகளைச் சுவரோரம் நிற்க வைத்து உயரத்தை அளந்துவிடுங்கள், ஏனென்றால் ரைடு வாசலில் நிற்பவர் வயதைக் கேட்கமாட்டார், அளவுகோலைத்தான் பார்ப்பார். சிங்கப்பூரில் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்களே, அந்த இரட்டை ரோலர் கோஸ்டர், அதற்கு 125 சென்டிமீட்டர் வேண்டும். மம்மி ரைடுக்கு 122. ஆறு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 110, 115-க்குள்தான் இருப்பார்கள். என் தங்கை மகள் ஒரு பார்க்கில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றபிறகு இரண்டு விரல்கடை உயரம் போதவில்லை என்று திரும்பி வந்தாள். அன்று முழுக்க வேறு எதிலும் ஏறமாட்டேன் என்று அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஹாங்காங்கில் டம்போ, குதிரை ராட்டினம், ஸ்மால் வேர்ல்டு படகு என்று உங்கள் இரண்டு வயதுப் பையனும் பக்கத்தில் உட்கார்ந்து வரக்கூடியவை நிறைய உண்டு, மூன்று வயதுக்குள் என்பதால் அவனுக்கு டிக்கெட்டும் கிடையாது. 2023 நவம்பரில் ஃப்ரோசன் படத்தை வைத்து ஒரு பகுதியையே திறந்தார்கள், மகள் அங்கிருந்து நகரமாட்டாள். அவள் 112-ஐத் தாண்டியிருந்தால் பிக் கிரிஸ்லி மவுண்டன் ரோலர் கோஸ்டரிலும் ஏறலாம். அப்போது பையனை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டாம். வாசலில் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள்: ஒருவர் ஏறும்போது மற்றவர் குழந்தையோடு இருக்கலாம், அப்புறம் அவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதைக் கேட்டு வாங்கத் தெரியாமலே எத்தனையோ அம்மாக்கள் நாள் முழுக்கத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறார்கள். சிங்கப்பூரை மகளுக்கு ஒன்பது, பத்து வயது ஆகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஸ்னிக்குள்ளேயே இருக்கும் ஹோட்டலுக்கு வெளி ஹோட்டலைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். வீண் செலவுதானே?
– வாசகர், கோவை

பதில்: குழந்தைக்கு ஐந்து வயதுக்குள் என்றால் வீண் இல்லை. மதியம் அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு மாலையில் திரும்பப் போகலாம், அது இல்லாவிட்டால் இரவு வாணவேடிக்கை நேரத்தில் குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். வளர்ந்த பிள்ளைகள் என்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெளியே தங்கிப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

பார்க்கோடு ஹோட்டலும் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1955-ல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது சுற்றியுள்ள நிலத்தை வாங்க வால்ட் டிஸ்னியிடம் பணம் இல்லை. கூட்டம் வரத் தொடங்கியதும் வேலியை ஒட்டி மற்றவர்களின் மோட்டல்களும் கடைகளும் முளைத்துவிட்டன. அந்த மனக்குறையில்தான் அறுபதுகளில் ஃபுளோரிடாவில் தன் பெயர் வெளியே தெரியாமல் வேறு வேறு கம்பெனிகளின் பேரில் சுமார் 27,000 ஏக்கர் வாங்கினார், பெயர் தெரிந்தால் விலை ஏறிவிடும் அல்லவா. 1966-ல் அவர் இறந்துவிட்டார். ஓய்வுபெற இருந்த அண்ணன் ராய் அதைத் தள்ளிவைத்து, 1971 அக்டோபரில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்று தம்பியின் முழுப் பெயரையே வைத்துத் திறந்தார், அந்த டிசம்பரிலேயே அவரும் போய்விட்டார். முதல் நாளே ஒரு பார்க்கோடு இரண்டு ஹோட்டல்கள் இருந்தன. எனக்கு அந்த அண்ணனை ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: தயிர்சாதம் கட்டி எடுத்துப் போகலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஃபுளோரிடா டிஸ்னியில் தாராளமாக, கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. டோக்கியோவில் உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலுக்கு வெளியே சாப்பிட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அங்கே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஐரோப்பா போகிறோம், 68 வயது மாமியாரும் வருகிறார். குழந்தைகளுக்கும் அவருக்கும் சேர்த்து ஒத்துவருகிற பார்க் எது?
– வாசகி, திருச்சி

பதில்: எல்லோரும் பாரிஸ் டிஸ்னியைத்தான் சொல்வார்கள், நான் நெதர்லாந்தின் எஃப்டெலிங் என்பேன். அங்கே 1952-ல் திறந்த தேவதைக் கதைக் காடு இன்றும் இருக்கிறது. உயரமான மரங்களுக்கு நடுவே மெதுவாக நடந்து ஒவ்வொரு கதையாகப் பார்த்துக்கொண்டே போகலாம், எதிலும் ஏறியே ஆகவேண்டும் என்றில்லை. பெரிய வாயைத் திறந்தபடி காகிதம் கேட்கும் குப்பைத்தொட்டிகள் ஆங்காங்கே இருக்கும், போட்டால் நன்றியும் சொல்லும். மாமியார் கைப்பையில் பழைய ரசீது, மிட்டாய்த் தாள் எல்லாம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கட்டும், பேரப்பிள்ளைகள் அன்று அவரை விட்டு நகரமாட்டார்கள்.