முட்டிச் சில்லு ஆபரேஷனுக்குப் பிறகு படி இறங்கும்போது கால் மடங்குகிறதா?

புது நார் அறுந்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். எம்.பி.எஃப்.எல். ஆபரேஷன் (முட்டிச் சில்லை உட்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் நாரைப் புதிதாக வைப்பது) முடிந்து எட்டு வாரம், சில்லு நழுவவில்லை, வலியும் பெரிதாக இல்லை, கோத்தகிரி தேயிலைத் தோட்டப் படியில் இறங்கும்போது மட்டும் கால் பட்டென்று மடங்குகிறது என்கிறீர்கள். இதற்குப் பெரும்பாலும் காரணம் முன்தொடைத் தசைதான். முட்டியில் கொஞ்சம் நீர் கோத்திருந்தாலே அந்தத் தசை பாதி தூங்கிவிடும். ஏறும்போது எப்படியோ சமாளித்துவிடலாம், இறங்கும்போது மடங்குகிற முட்டியில் மொத்த எடையையும் பிடித்து நிறுத்த வேண்டியது அதுதான். நாருக்கு வேறு வேலை: முட்டி மடங்கத் தொடங்கும் முதல் 30 டிகிரிக்குள் சில்லு வெளிப்பக்கம் ஓடாமல் பிடிப்பது.

ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, முட்டியை முழுக்க நீட்டி, குதிகாலை ஒரு சாண் தூக்குங்கள். நல்ல காலில் இல்லாத தொய்வு அந்த முட்டியில் மட்டும் தெரிந்தால் தசைதான் இன்னும் தேறவில்லை. பிசியோவிடம் இதை அப்படியே காட்டுங்கள்.

ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பை வெட்டித் திருகு போட்டதாக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். சில்லு நழுவுகிற மாதிரி இருந்தாலோ திடீரென்று வீங்கினாலோ அவரிடமே போங்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி என்றால் அன்றைக்கே.

அதுவரை பனி ஈரப் படியில் கைப்பிடியைப் பிடித்து, ஆபரேஷன் செய்த காலை முதலில் வைத்து இறங்குங்கள்.